இணையத் தொலைபேசியில் குரல் கெடுகிறதா? அலுவலகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய லேண்ட்லைனை விட்டு ஐபி ஃபோன்களுக்கு மாறிய சிறு, நடுத்தர அலுவலகங்களுக்காக எழுதியது இது. பத்து முதல் ஐம்பது ஃபோன்கள், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, ஒரு ரவுட்டர், எங்கோ ஓர் ஊரில் சேவை நிறுவனத்தின் சர்வர் என்பதுதான் பெரும்பாலான இடங்களின் அமைப்பு. குரல் கெட்டதும் ஃபோனைத் திட்டுவார்கள், அல்லது சேவை நிறுவனத்தைத் திட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே, நம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் ரவுட்டரை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பிறகும் குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது?

வேகம் குரலுக்கு அவ்வளவாகத் தேவையே இல்லை. குரலைத் தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். வழக்கமான ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்-க்குள் அடங்கிவிடும். குரல் கேட்பது நேரம் தவறாமையைத்தான். ஃபோன் உங்கள் பேச்சை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு 50 பாக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்) வீதம் அனுப்புகிறது. மறுமுனை அதே சீரில் அவற்றை ஒலியாக்க வேண்டும். ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால், மீண்டும் அனுப்பு என்று கேட்க அவகாசம் கிடையாது. தாமதமாக வந்து சேர்ந்தாலும் பயனில்லை. அது ஒலிக்க வேண்டிய கணம் போய்விட்டதால் ஃபோன் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

ஸ்பீடு டெஸ்ட் சில விநாடிகள் தரவை இழுத்துப் பார்த்துச் சராசரி சொல்கிறது. இடையில் தொலைந்த பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பப்பட்டிருக்கும். கால் விநாடித் தடுமாற்றம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். பேச்சிலோ அது ஓர் அசையை விழுங்கியிருக்கும். “அனுப்பாதீர்கள்” என்பதன் நடுப்பகுதி விழுந்துவிட்டால் சரக்கு லாரியில் ஏறிவிடும். சில சோதனைத் தளங்கள் இணைப்பில் சுமை இருக்கும்போது பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) எவ்வளவு என்பதையும் காட்டுகின்றன. பெரிய எழுத்தில் வரும் வேகத்தை விட்டுவிட்டு அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எந்த அமைப்பையும் மாற்றாமல் முதலில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குரல் உடைவது நமக்கா, எதிரில் பேசுபவருக்கா? எல்லா மேசையிலுமா, ஒரு மேசையில் மட்டுமா? நாள் முழுக்கவா, குறிப்பிட்ட நேரத்திலா?

நாம் பேசுவது அவருக்கு உடைந்து கேட்கிறது, அவர் பேசுவது நமக்குத் தெளிவாக இருக்கிறது என்றால் பழுது நம் பதிவேற்றப் பாதையில். பெரும்பாலான புகார்கள் இந்த வகையே. ஏனென்றால் பல பிராட்பேண்ட் திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. பதிவிறக்கம் பற்றி விளம்பரத்தில் படித்திருப்போம். பதிவேற்றம் எவ்வளவு என்று கேட்டால் பல அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு மேசையில் மட்டும்தான் பிரச்சினை.

அந்த ஃபோனைப் பக்கத்து மேசையின் கேபிளில் மாட்டிப் பாருங்கள். குறை ஃபோனோடு போனால் ஹெட்செட்டையும் வயரையும் மாற்றவும். மேசையிலேயே தங்கினால் கேபிளையோ ஸ்விட்ச் போர்ட்டையோ பாருங்கள். சரியாகக் கிரிம்ப் செய்யாத முனை இணையம் உலாவுவதற்குத் தாங்கும், குரலுக்குத் தாங்காது. ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் அந்தப் போர்ட்டுக்கு நேரே பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வேறு சாட்சி வேண்டாம்.

தாமதம், ஜிட்டர், பாக்கெட் இழப்பு என்கிறார்களே, எந்த அளவு வரை பொறுக்கலாம்?

ஒரு வாய் பேசியது மறு காதுக்குப் போய்ச் சேர ஆகும் நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்கு இடையூறு இராது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. வலைப்பின்னலைத் திட்டமிடும்போது 400-ஐத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. பிங் காட்டுவது போய்வரும் நேரம் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒருவழித் தாமதம் ஏறத்தாழ அதில் பாதி.

ஜிட்டர் என்பது பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளியில் ஏற்படும் ஏற்ற இறக்கம். 30 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது. ஃபோனுக்குள் ஜிட்டர் பஃபர் என்று ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. முந்திப் பிந்தி வருபவற்றை அது வரிசைப்படுத்திச் சீராக வெளியே விடும். அதன் அளவைக் கூட்டினால் உடைசல் குறையும், தாமதம் கூடும்.

இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஆனால் இந்த ஒற்றை எண் ஏமாற்றும். நூற்றில் ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனால் ஃபோன் முந்தைய ஒலியை நீட்டி ஒட்டுப் போட்டுவிடும், காது கண்டுபிடிக்காது. அதே இழப்பு பத்துப் பாக்கெட் கூட்டாக விழுவதாக இருந்தால் 200 மில்லி விநாடிப் பேச்சு போயிற்று.

காலையில் நன்றாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் குரல் உடைகிறது. ஏன்?

யாரோ பதிவேற்றுகிறார்கள். அது ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு மென்பொருளின் பேக்கப், படங்களைத் தானாக மேகத்துக்கு ஏற்றும் கைபேசிகள், கண்காணிப்பு கேமராக்கள். குறிப்பாகக் கேமராக்கள். எட்டுக் கேமராக்கள் தலைக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் ஏற்றினால் 16 ஆயிற்று. உங்கள் பதிவேற்றம் 20 என்றால் மீதி 4. அதில் ஒருவர் 300 எம்பி வரைபடக் கோப்பை இணையத்தில் ஏற்றத் தொடங்கினால் பாதை நிறைந்துவிடும்.

பாதை நிறைந்ததும் ரவுட்டர் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். மிஞ்சிய பாக்கெட்டுகளைக் கைவிடாமல் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைக்கிறது. நல்லெண்ணம்தான். 10 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் 1 மெகாபைட் வரிசையில் நின்றால், கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியேற 0.8 விநாடி ஆகும். உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. ஒரு பாக்கெட் கூடத் தொலையாமலேயே பேச்சு நாசமாகிவிடும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளில் இணைத்த கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் சர்வருக்கும் பிங்கை நிற்காமல் ஓடவிடுங்கள். முதல் சாளரம் 1, 1, 1 என்று ஓடும். இரண்டாவது 18, 19, 18 என்பது போல ஏதோ ஒரு சீரில் ஓடும். இப்போது பெரிய கோப்பு ஒன்றை மேகச் சேமிப்பகத்தில் ஏற்றத் தொடங்குங்கள். ரவுட்டரின் சாளரம் அசையாமல் நிற்க, இரண்டாவது சாளரம் 240, 610, 780 என்று ஏறினால் நோய் இதுவே. ஏற்றுவதை நிறுத்தியதும் ஓரிரு விநாடியில் பழைய எண்ணுக்கு இறங்கிவிடும். முதல் சாளரமும் சேர்ந்து தடுமாறினால் பழுது உள்ளேயே, ஸ்விட்சிலோ கேபிளிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. இணைய நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை.

அப்படியானால் அதிக வேகத் திட்டத்துக்கு மாறிவிடலாமா?

கொஞ்ச நாள் நிம்மதி கிடைக்கும். பிறகு பேக்கப்பும் கேமராவும் புது வேகத்தையும் நிரப்பிவிடும். முதலில் கேமராப் பதிவை அலுவலகத்தில் உள்ள பதிவுப் பெட்டியிலேயே சேமியுங்கள், பேக்கப்பை இரவு பதினொரு மணிக்குத் தள்ளுங்கள். இதற்குச் செலவு இல்லை. அடுத்து ரவுட்டரில் வரிசை நிர்வாகம்.

கியூஓஎஸ் போட்டுவிட்டோம். ஒரு மாற்றமும் இல்லையே?

கியூஓஎஸ் என்பது குரலுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு. ஐபி ஃபோன்கள் பெரும்பாலும் தம் குரல் பாக்கெட்டில் 46 என்ற அடையாள எண்ணைப் பதித்து அனுப்பும். உள்ளே இருக்கும் ஸ்விட்சும் ரவுட்டரும் அதைப் பார்த்து முதலில் விடும். பொது இணையத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. போகும் வழியில் அதை அழித்துவிடுபவர்களும் உண்டு.

பலரும் கோட்டைவிடும் இடம் வேறு. முன்னுரிமை வேலை செய்ய வேண்டுமானால் வரிசை உங்கள் ரவுட்டருக்குள்ளேயே நிற்க வேண்டும். ரவுட்டர் 1 ஜிகாபிட் வேகத்தில் மோடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தால் கூட்டம் மோடத்தில்தான் சேரும், அதற்கு உங்கள் விதிகள் தெரியாது. அதனால் ரவுட்டரின் பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாகக் கட்டுங்கள். உண்மையான வேகம் என்பது நெரிசல் நேரத்தில் அளந்தது, ரசீதில் அச்சிட்டது இல்லை. எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை நிர்வாக முறையை ஆதரிக்கும் ரவுட்டர் என்றால் இந்த ஒரே அமைப்பு பாதிப் புகார்களைத் தீர்த்துவிடும். பத்து சதவீத வேகத்தை வேண்டுமென்றே இழப்பதா என்று கணக்குப் பிரிவில் முகம் சுளிப்பார்கள். மேலே சொன்ன பிங் சோதனையை அவர்கள் எதிரிலேயே செய்துகாட்டுங்கள்.

மணி அடிக்கிறது, எடுக்கிறோம், ஒரு பக்கம் மட்டுமே கேட்கிறது.

இதற்கும் இணைய வேகத்துக்கும் தொடர்பே இல்லை. இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் போகிறது. குரல் வேறொரு வழியில் போகிறது. எஸ்ஐபி எனப்படும் அந்தச் செய்தி வழக்கமாக 5060 போர்ட்டில் செல்லும். “என் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு” என்ற விவரம் அதன் உள்ளே எழுதியிருக்கும். உங்கள் ஃபோன் தனக்குத் தெரிந்த உள் முகவரியை, 192.168 என்று தொடங்குவதை, அதில் எழுதிவிடுகிறது. மறுமுனை அங்கே அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்கு வராது.

இதைச் சரிசெய்கிறேன் என்று பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். செய்தியைப் பிரித்து முகவரியைத் திருத்தி அனுப்புவது அதன் வேலை. அரைகுறையாகத் திருத்தி, இருந்ததையும் கெடுப்பதே வழக்கம். முதல் வேலையாக அதை அணைத்துவிட்டு ரவுட்டரையும் ஃபோன்களையும் மறுதொடக்கம் செய்யுங்கள். அலுவலகத்திலேயே ஆஸ்டெரிஸ்க் போன்ற பரிமாற்றகம் வைத்திருந்தால், வெளி முகவரி எது, உள் வலை எது என்று அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும். குரலுக்கான போர்ட் வரம்பும் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் அது 10000 முதல் 20000 வரை. மோடமும் ரவுட்டரும் இரண்டுமே உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றினால், மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (முகவரியைத் தொடாமல் தரவை அப்படியே கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அழைப்பும் அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது.

கடிகாரம் வைத்துப் பாருங்கள்: 32 விநாடியா? அப்படியானால் கண்டுபிடிப்பது எளிது. அழைப்பை எடுத்ததும் எடுத்த முனை “சரி” என்று சொல்லும். அழைத்த முனை “கிடைத்தது” என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் எடுத்த முனை மீண்டும் மீண்டும் “சரி” அனுப்பிப் பார்த்துவிட்டு, அடிப்படை நேரமான அரை விநாடியின் 64 மடங்கில் துண்டித்துவிடும். 2002-இல் வந்த எஸ்ஐபி வரையறை அப்படி வகுத்திருக்கிறது. அதற்குள் குரல் இரு பக்கமும் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும் என்பதுதான் குழப்பம். காரணம் மறுபடியும் தவறான முகவரியோ ஏஎல்ஜியோதான்.

சரியாக 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் அது வேறு. அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே விசாரிக்கும் செஷன் டைமர் செய்தி ஃபயர்வாலைத் தாண்டவில்லை. வழக்கமான கெடு 1800 விநாடி, அதில் பாதியில் விசாரிப்பு நடக்கும். கண்ட நேரத்தில் அறுந்தால் மட்டும் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

நாங்கள் அழைத்தால் போகிறது. வெளியிலிருந்து வருவது சில நேரம் ஒலிப்பதே இல்லை.

ஃபோன் சும்மா இருக்கும்போது ரவுட்டர் அதற்கான வாசலை மூடிவிடுகிறது. வாசல் மூடாதிருக்க ஃபோன் அவ்வப்போது அனுப்பும் கீப்-அலைவ் செய்தியின் இடைவெளியை 30 விநாடிக்குள் வையுங்கள்.

வைஃபையில் ஐபி ஃபோன் வைத்தால் என்ன?

கேபிள் இழுக்க வழியிருந்தால் இழுத்துவிடுங்கள். வைஃபையில் ஒரே சானலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்றே. ஒரே கட்டடத்தில் நாலு மாடி, மாடிக்கு மூன்று அலுவலகம் என்றால் அந்தக் காற்றில் இடம் இருக்காது. கைபேசிச் செயலி வழியே பேசுவது தவிர்க்க முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம் இயங்குகிறதா என்று பாருங்கள். நடந்துகொண்டே பேசும்போது மட்டும் வெட்டினால், ஓர் அணுகு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேரம் அது.

என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது.

எதிரொலியைக் கேட்பவர் ஒருவர்; உண்டாக்குபவர் மற்றவர். உங்களுக்கு உங்கள் குரல் திரும்பி வந்தால் பழுது பெரும்பாலும் எதிர்முனையில். அவரை மியூட் செய்யச் சொல்லுங்கள். எதிரொலி நின்றால், அவருடைய ஒலிபெருக்கியில் வருவதை அவருடைய மைக்கே பிடித்து அனுப்புகிறது. சத்தத்தைக் குறைக்கட்டும், அல்லது நல்ல ஹெட்செட் போடட்டும்.

மியூட்டுக்குப் பிறகும் நீடித்தால், வழியில் எங்கோ பழைய இருகம்பி லைன் சேர்ந்திருக்கிறது. இருகம்பியும் நான்கு கம்பியும் சந்திக்கும் இடத்தில் குரலின் ஒரு பகுதி திரும்பிவிடும். உங்களிடமே பழைய லைனை ஐபி ஃபோன்களோடு இணைக்கும் அனலாக் கேட்வே இருந்தால், அதன் மின்மறுப்பு அமைப்பு உங்கள் நாட்டு லைனுக்குப் பொருந்துகிறதா, ஒலி அளவைக் கூடுதலாக ஏற்றிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எதிரொலி லேண்ட்லைன் காலத்திலும் இருந்தது. உடனே திரும்பியதால் காது அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது தாமதம் அதைப் பிரித்துக் காட்டுகிறது.

குரல் தெளிவு. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

தாமதம் கூடிவிட்டது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். சென்னையில் ஒருவர், மதுரையில் ஒருவர். குரல் அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்புகிறது என்பது நடக்கக்கூடியதே. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் பூமிப்பரப்பில் மிகக் குறுகிய தூரமே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போக 65, வர 65 என்று இயற்பியலே 130 மில்லி விநாடியை எடுத்துக்கொள்கிறது; கேபிள்கள் சுற்றிப் போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். இதன்மேல் பாக்கெட் நறுக்கும் நேரமும் ஜிட்டர் பஃபரும் ஏறும். எந்த ரவுட்டரை வாங்கினாலும் இது குறையாது. மும்பையிலோ சென்னையிலோ சர்வர் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தை மாற்றுங்கள்.

கோடெக்கை மாற்றினால் தரம் உயருமா?

ஜி.729-க்கு மாறினால் 87 கேபிபிஎஸ் 31 ஆகக் குறையும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அந்தச் சேமிப்புக்கு மதிப்பில்லை. குரல் மட்டும் ஒரு படி இறங்கும். 4ஜி மாற்று இணைப்பில் ஓடும் நாட்களுக்கு அது உதவும். ஜி.722 நல்ல முன்னேற்றம்: பழைய தொலைபேசி 3400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடும் ஒலியை இது 7000 வரை கொண்டுபோகிறது. மின்னஞ்சல் முகவரியை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது “எஸ்”-உம் “எஃப்”-உம் குழம்பாமல் இருப்பதற்கு அதுவே காரணம். இரு முனையும் ஆதரித்தால் மட்டும் பயன். இடையில் சாதாரண லைன் வந்துவிட்டால் பழைய தரம்தான்.

சேவை நிறுவனம் “எங்கள் பக்கம் எல்லாம் சரி” என்கிறது. எப்படி நிரூபிப்பது?

“குரல் சரியில்லை” என்று எழுதினால் அந்தப் பதில்தான் வரும். அழைப்பின் தேதி, நேரம், இரு எண்கள், எந்தத் திசையில் உடைந்தது, எத்தனையாவது நிமிடத்தில் என்று மூன்று அழைப்புகளுக்கு எழுதுங்கள். அழைப்பு நடந்த அன்றே எழுதுங்கள்.

கூடவே, வலையில் போகும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் ஒயர்ஷார்க் மென்பொருளின் பதிவு இருந்தால் பேச்சே வேறு. ஸ்விட்சில் ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பி) பதிவுசெய்யுங்கள். மென்பொருளில் தொலைபேசிப் பட்டியலின் கீழ் குரல் பாக்கெட்டுகளுக்கான ஆர்டிபி பகுப்பாய்வு இருக்கிறது. இரு திசைகளையும் தனித்தனியாகக் காட்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் உண்டு. வெளியிலிருந்து உள்ளே வரும்போதே 4117-க்குப் பிறகு 4126 வந்திருந்தால் எட்டுப் பாக்கெட் உங்கள் வாசலுக்கு வரும் முன்பே தொலைந்தது. உங்கள் ஃபோனிலிருந்து புறப்பட்டவை எண் தவறாமல் 20 மில்லி விநாடிச் சீரில் வந்து ரவுட்டருக்குள் நுழைந்தால், ஃபோனும் கேபிளும் ஸ்விட்சும் குற்றமற்றவை. குரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் வரிசை எண் மறைக்கப்படுவதில்லை.

வழியில் உள்ள ரவுட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டும் டிரேஸ்ரூட்டை மட்டும் அவசரப்பட்டுச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். நடு வழியில் ஒரு ரவுட்டர் 40 சதவீதம் இழப்பு காட்டி, அதற்கு அடுத்தது முதல் கடைசி வரை இழப்பே இல்லை என்றால் அங்கே பழுது இல்லை. தனக்கு வரும் விசாரிப்புக்குப் பதில் சொல்வதை அந்த ரவுட்டர் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இழப்பு ஓரிடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் எழுதுங்கள்.

வங்கியை அழைத்து “1-ஐ அழுத்தவும்” என்றால் அழுத்துகிறோம், அங்கே ஏற்பதில்லை.

எண்ணின் ஒலி குரலோடு சேர்ந்தே போகிறது. ஜி.729 போன்ற கோடெக் மனிதப் பேச்சுக்காக வடிவமைத்தது. அந்த ஒலியைச் சிதைத்துவிடும். ஃபோனிலும் பரிமாற்றகத்திலும் டிடிஎம்எஃப் (எண் ஒலி) அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 2833 அல்லது 4733 என்று மாற்றுங்கள், எண் தனிப் பாக்கெட்டாகப் போகும். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகிறது என்றால் குரலோடு அனுப்புவதும் தனிப் பாக்கெட்டாக அனுப்புவதும் சேர்ந்து இயங்குகின்றன. குரலோடு அனுப்புவதை அணைத்துவிடுங்கள்.